தனித்து வாழ்வோரும் நிறைவோடு வாழலாம்

மாசி மகத்தன்று திருக்கண்ணபுரம் சௌரிராசப் பெருமாள் நம் திருமலைராயன்பட்டினக் கடற்கரைக்குத் தீர்த்தவாரிக்கு எழுந்தருளுகிறார். பட்டினச்சேரி மீனவர்கள் அவரை 'மாப்பிள்ளை' என அழைத்து வரவேற்கின்றனர். வெளியூர்ப் பிள்ளைகளும் அன்று வீடு வந்து சேர்கின்றனர். விழா முடிந்ததும் அவர்கள் பிரான்சுக்கும் சிங்கப்பூருக்கும் வளைகுடா நாடுகளுக்கும் திரும்ப, பல வீடுகளில் முதியவர் ஒருவரே எஞ்சுகிறார்.

தனித்து வாழ்தல் வேறு. தனிமையுணர்வால் வாடுதல் வேறு. உலகில் ஆறு பேரில் ஒருவர் தனிமையுணர்வால் வாடுவதாக உலக சுகாதார நிறுவனம் 2025இல் தெரிவித்தது. பலர் சூழ வாழும் இளையோரிடமும் அது மிகுதி. அவ்வுணர்வு நீடித்தால் இதயநோய், பக்கவாதம், மனச்சோர்வு ஆகியவற்றுக்கான வாய்ப்பு கூடுகிறது. ஆகவே காக்க வேண்டியது உறவின் இழையை.

தனித்து வாழ்வோர் முதலில் கவனிக்க வேண்டியது உணவு. "ஒருவருக்காக உலை வைப்பானேன்?" என்று பலர் ஒருவேளை உணவைத் தவிர்க்கின்றனர். இன்சுலினோ சில வகைச் சர்க்கரை மாத்திரைகளோ எடுப்போர் அவ்வாறு செய்தால் இரத்தச் சர்க்கரை தாழ்ந்து வியர்வை, நடுக்கம், மயக்கம் நேரலாம். விருந்தினருக்கு இலை போடும் அதே அக்கறையுடன் தமக்கும் பரிமாறிக்கொள்ளுதல் நலம்.

அடுத்தது, நாளுக்கு ஓர் ஒழுங்கு. காலை வெயிலில் சிறு நடை, தொட்டிச் செடிக்கு நீர், காரைக்கால் வானொலியில் விரும்பிய நிகழ்ச்சி, மாலையில் திண்ணையில் அண்டை வீட்டாருடன் சில சொற்கள். தம் விருப்பப்படி நாளை அமைத்துக்கொள்வது தனித்து வாழ்வோருக்கே கிட்டும் இன்பம். மாற்றுச் சாவி ஒன்று அண்டை வீட்டில் இருக்கட்டும். இரவில் கழிவறை செல்லும் வழியில் விளக்கும் கைக்கெட்டும் தூரத்தில் கைப்பேசியும் இருக்கட்டும்.

பிள்ளைகளுக்கு ஒரு வேண்டுகோள். நாள்தோறும் ஒரே நேரத்தில் அழையுங்கள். "மாத்திரை போட்டீர்களா?" என்பதோடு நிறுத்தாமல், குழம்பின் பக்குவத்தையோ குடும்பச் செய்தியையோ பற்றி அவர்களிடம் யோசனை கேளுங்கள். தாம் இன்னும் வேண்டப்படுகிறோம் என்ற எண்ணமே அவர்களுக்குப் பெரும் நிறைவு.

இரண்டு வாரங்களுக்கு மேல் உறக்கமும் பசியும் குன்றி, எதிலும் நாட்டமின்றி இருந்தால் அதை முதுமையின் இயல்பென விட்டுவிட வேண்டாம், மருத்துவரிடம் கூறுங்கள். டெலி மானஸ் 14416 என்ற கட்டணமில்லா எண்ணிலும் எந்நேரமும் பேசலாம்.