அம்பும் அளவறிந்து
கொல்லிமலையை ஆண்ட வல்வில் ஓரியின் ஒரே அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் வீழ்த்தியதாகப் புறநானூறு கூறுகிறது. உயர்வு நவிற்சியே ஆயினும் உண்மையொன்று உண்டு: ஊடுருவும் ஆற்றல் வில்லில் மட்டுமன்று, அம்பின் எடையிலும் முனையின் கூர்மையிலும் உள்ளது.

முனை கனத்தால், எய்யும்போது தண்டு மிகுதியாக வளையும். அகன்ற அலகு காற்றில் திசைமாறும். பின்னிறகுகளே அதை நேராக்கும். ஆகவே, வில்லின் இழுவிசைக்கேற்ற விறைப்புள்ள தண்டே பொருந்தும்.

1972-ஆம் ஆண்டின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வேட்டையைத் தடுத்தது; வில்வித்தை விளையாட்டாக வாழ்கிறது. ஆடியில் கொல்லிமலையில் ஓரிக்கு விழா எடுக்கிறோம். சேலம், நாமக்கல் சமவெளியில் வில் பயிலும் சிறார் அனைவரின் தோள்வலிமையும் ஒன்றல்ல. அனைவருக்கும் ஒரே அம்பைத் தந்துவிட்டு, குறி தவறினால் சிறாரைப் பழிப்பது முறையா?