29 பறவைகளிலிருந்து மீண்ட ககெரோரி

பசிபிக் பெருங்கடலின் சின்னஞ்சிறு தீவுகளில் வாழும் ஈப்பிடிப்பான் பறவைகளின் பேரினம், பொமாரியா. இதில் பல இனங்கள் ஏற்கெனவே அழிந்துவிட்டன. முக்கியக் காரணம், கப்பல்களில் வந்திறங்கிய கறுப்பு எலிகள். இவை மரமேறி, கூட்டிலுள்ள முட்டைகளையும் குஞ்சுகளையும் தின்றுவிடுகின்றன.

குக் தீவுகளில் ஒன்றான ரரோத்தோங்காவில் வாழும் ககெரோரியும் இதே பேரினத்தைச் சேர்ந்தது. 1989இல் எஞ்சியிருந்தவை 29 பறவைகள் மட்டுமே! உடனே காட்டில் எலி மருந்து வைக்கப்பட்டது. எலிகள் ஏற முடியாதபடி, கூடுள்ள மரங்களில் உலோகத் தகடுகள் சுற்றப்பட்டன. 1996 முதல், நிலத்தின் சொந்தக்காரர்களான மூன்று குலத்தினரே இப்பணியைத் தொடர்ந்தனர். எண்ணிக்கை நூறைத் தாண்டியது.

ஆனால், ஒரே தீவில் வாழும் இனத்தை ஒரு கடும்புயலே அழித்துவிடக்கூடும் அல்லவா? அதனால், 2001 முதல் 2003 வரை 30 இளம் பறவைகள், கறுப்பு எலிகள் இல்லாத அத்தியூ தீவுக்குக் கொண்டுசெல்லப்பட்டன. அங்கும் அவை குஞ்சு பொரித்துப் பெருகின.

ஃபாத்து ஹீவா தீவில் கறுப்பு எலி 2000ஆம் ஆண்டில்தான் கண்டறியப்பட்டது. அங்குள்ள ஈப்பிடிப்பான்களில் இன்று மிகச் சிலவே மிஞ்சியுள்ளன.

மாணவர்களே, ககெரோரியின் காவல் இன்னும் முடியவில்லை. எலிகளைக் கட்டுப்படுத்துவதை நிறுத்தினால், ரரோத்தோங்காவில் பழைய ஆபத்து மீண்டும் தலைதூக்கும்.