அறுபது அடியில் மான், நூற்றைம்பது அடியில் வீடு... தெரியுமா?

யாரோ ஒருவர் வீட்டுக் கொல்லைப்புறம். அங்கிருந்து 150 அடி தள்ளி ஒரு மரம். அதன் மேல் பரண் கட்டி, வில்லில் அம்பைக் கோத்து, மூச்சைப் பிடித்துக்கொண்டு ஒருவர் மானுக்காகக் காத்திருக்கிறார். இது சட்டப்படியே நடக்கிறது, தெரியுமா? அதுவும் அடர்காட்டில் அல்ல, அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில்! அங்கே துப்பாக்கி என்றால் வீட்டிலிருந்து 500 அடி விலகி நிற்க வேண்டும். வில்லுக்கும் அதே கணக்குதான் இருந்தது. 2014-இல் அதை 150 அடியாகக் குறைத்துவிட்டார்கள். பக்கத்து நியூ ஜெர்சியில் இன்னும் வேடிக்கை: 150 அடிக்கும் 450 அடிக்கும் இடையில் வீடு இருந்தால் பரண் மேலிருந்துதான் எய்ய வேண்டும். மேலிருந்து கீழாகப் பாயும் அம்பு, குறி தவறினால் மண்ணில்தானே குத்தும்! (நம் ஊரில் 1972 வனவிலங்குச் சட்டப்படி மானைக் கொல்ல முயல்வதே குற்றம். ஆகவே ஆச்சரியப்படுவதோடு நிறுத்திக்கொள்வோம்.)

வீட்டு வாசல்வரை வேட்டையை ஏன் வரவிட்டார்கள்? மான்தான் முதலில் வாசலுக்கு வந்தது! 1900 வாக்கில் அமெரிக்கா முழுவதும் தேடினாலும் வெள்ளைவால் மான்கள் 5 லட்சம்கூடத் தேறாது. சுட்டுத் தின்றே தீர்த்திருந்தார்கள். இன்றைய மதிப்பீடு சுமார் 3 கோடி! ஓநாய் போனது, வேட்டைக்குக் கட்டுப்பாடு வந்தது. புறநகர் வீடுகளோ டூலிப்பும் ரோஜாவுமாகப் பந்தி விரித்துக் காத்திருக்கின்றன. மான் வராமல் என்ன செய்யும்?

தண்ணீர் தடுக்கும் என்று நினைத்தால் ஏமாந்தோம். வெள்ளைவால் மான் அபார நீச்சல்காரன். அதன் குளிர்கால ரோமம் உள்ளே காற்று அடைந்த குழல். மிதவை மாதிரி உதவுகிறது. நியூயார்க் நகரத்தின் ஸ்டேட்டன் தீவில் 2008-இல் எண்ணியபோது கண்ணில் பட்டவை 24 மான்கள். 2014-இல் ஆகாயத்திலிருந்து எண்ணினால் 763! நியூ ஜெர்சிக் கரையிலிருந்து நீந்தியே வந்தவற்றின் சந்ததிதான் இத்தனையும் என்கிறார்கள். நகர எல்லைக்குள் வேட்டைக்குத் தடை. என்ன செய்தார்கள் தெரியுமா? 2016 முதல் ஆண் மான்களை மயக்க ஊசி போட்டுப் பிடித்து, ஒவ்வொன்றுக்கும் குடும்பக் கட்டுப்பாட்டு அறுவை சிகிச்சை! கதையல்ல, நிஜம்.

மானோடு ஒட்டிக்கொண்ட இன்னொரு கதையும் உண்டு. கனெக்டிகட் மாநிலத்தில், ஆறு கடலோடு கலக்கும் இடத்தில், லைம் என்று ஓர் ஊர். 1975 வாக்கில் அந்த வட்டாரத்துப் பிள்ளைகளுக்கு வரிசையாக மூட்டு வீங்க, சந்தேகப்பட்ட தாய்மார்கள் அதிகாரிகளை விடாமல் துளைத்தார்கள். அப்படி வெளிச்சத்துக்கு வந்ததுதான் லைம் நோய். பரப்புவது ஓர் உண்ணி; பெயரே மான் உண்ணி. ஆனால் உண்ணிக்குக் கிருமியைக் கொடுப்பது மான் அல்ல, எலி! மான் வெறும் கல்யாண மண்டபம். வளர்ந்த உண்ணிகள் அதன் மேல் ஏறி, ஜோடி சேர்ந்து, வயிறாரக் குடித்துவிட்டு இறங்கி முட்டையிடுகின்றன. அதனால்தான் மண்டபத்தைக் குறைத்தால் போதுமா என்று அங்கே வாதம் இன்னும் ஓயவில்லை.

இப்போது வில்லுக்கு வருவோம். வல்வில் ஓரியின் ஒற்றை அம்பு யானை, புலி, மான், பன்றி, உடும்பு என்று ஐந்தையும் துளைத்துப் போனதாகப் புறநானூறு சொல்லும். இந்தப் புறநகர் வில்லாளிக்கு அந்தப் பேராசையெல்லாம் கிடையாது. அவர் எய்யும் தூரம் 60 அடி, மிஞ்சினால் 90 அடி. அந்தக் கையாலாகாத்தனம்தான் வில்லுக்கு வீடுகளுக்கு நடுவே அனுமதிச் சீட்டு! வெடிச்சத்தம் இல்லை, குண்டு அடுத்த தெருவுக்குப் பறக்காது.

சத்தமே இல்லை என்றும் சொல்ல முடியாது. நவீன வில்லின் அம்பு நொடிக்குச் சுமார் 300 அடி போகும். நாண் அதிரும் ஒலி நொடிக்கு 1,100 அடி! கணக்குப் போடுங்கள்: 60 அடியில் நிற்கும் மானின் காதுக்கு ஒலி போய்ச் சேர்ந்து, நொடியில் ஏழில் ஒரு பங்கு கழித்துத்தான் அம்பு வரும். அந்த இமைப்பொழுதில் மான் என்ன செய்கிறது? துள்ளி ஓடுவதற்காகக் காலை மடக்கிக் குந்துகிறது. உடம்பு கீழே இறங்க, அம்பு முதுகுக்கு மேலே காற்றில் போகிறது! அனுபவஸ்தர்கள் இதற்காகவே கொஞ்சம் தாழ்த்திக் குறி வைக்கிறார்கள்.

குளத்தங்கரை என்றால் காற்றும் எதிரி. சாயங்காலம் குளிர்ந்த காற்று சரிவில் வழிந்து தண்ணீரை நோக்கி இறங்கும். மேட்டில் பரண் போட்டவரின் வியர்வை வாடை நேரே தண்ணீர் குடிக்க வந்த மானின் மூக்குக்கே போகும். காலை வெயில் ஏறினால் எல்லாம் தலைகீழ். மூக்கு இப்படி என்றால், கண் வேறு மாதிரி. துப்பாக்கிப் பருவத்தில் வேட்டைக்காரர் அணியும் பளீர் ஆரஞ்சுச் சட்டை மானுக்கு மங்கலாகத்தான் தெரியும். நீல ஜீன்ஸ்தான் பளிச்!

இந்த வில் மோகத்துக்கு வேர் எங்கே தெரியுமா? ஒரு மியூசியத்தில்! 1911-இல் கலிஃபோர்னியாவின் ஓரோவில் ஊரில், பசியால் துவண்ட ஒரு மனிதர் காட்டிலிருந்து வந்து நின்றார். யாஹி இனத்தில் எஞ்சியவர் அவர் ஒருவரே. மற்றவர்களில் பலரை வெள்ளைக் குடியேறிகள் வேட்டையாடியே கொன்றிருந்தார்கள், ஆம், மனிதர்களை. தன் பெயரைத் தானே சொல்வது அவர் மரபில் இல்லை. ஆகவே அறிஞர்கள் ‘இஷி’ என்று அழைத்தார்கள்; அவர் மொழியில் ‘மனிதன்’ என்று பொருள். சான் ஃபிரான்சிஸ்கோவில் இருந்த பல்கலைக்கழக மியூசியத்தில் தங்கவைத்தார்கள். பக்கத்து மருத்துவக் கல்லூரியின் அறுவை மருத்துவர் சாக்ஸ்டன் போப் அவரோடு நண்பராகி, வில் செய்யவும் எய்யவும் ஓசையின்றிப் பதுங்கவும் கற்றுக்கொண்டார். 1916-இல் காசநோய் இஷியைக் கொண்டுபோனது. போப் 1923-இல் எழுதிய வில்வேட்டை நூலைப் படித்து ஒரு தலைமுறையே வில்லைத் தூக்கியது. 1934-இல் விஸ்கான்சின் மாநிலம் வில்லுக்கென்றே தனி மான் பருவம் திறந்தது. 1961-இல் தொடங்கிய வில்வேட்டைச் சங்கத்துக்குப் போப் பெயரும் அவர் தோழர் யங் பெயரும் வைத்தார்கள். ஆசானின் பெயர் அதில் இல்லை. எனக்கு இது உறுத்தத்தான் செய்கிறது.

சரி, மான் யாருக்குச் சொந்தம்? நிலம் உங்களுடையது, அதில் மேயும் மான் உங்களுடையது அல்ல! லாங் ஐலண்டின் சவுத்தாம்ப்டன் கடற்கரையில் போஸ்ட் என்பவர் நாய்களோடு ஒரு நரியைத் துரத்திக்கொண்டு வர, பியர்சன் என்பவர் குறுக்கே புகுந்து அதைக் கொன்று எடுத்துப் போய்விட்டார். வழக்கு மாநிலத்தின் உச்ச நீதிமன்றம்வரை போனது. 1805-இல் தீர்ப்பு: துரத்தியவனுக்கு இல்லை, பிடித்தவனுக்கே. ஒரு நரிக்காக நடந்த அந்தச் சண்டையை அமெரிக்கச் சட்ட மாணவர்கள் இன்றும் படிக்கிறார்கள்!

நிலம் உங்களுடையது என்பதற்கும் வரம்பு உண்டு. மாசசூசெட்ஸில் 1640-களின் காலனிச் சட்டப்படி கரையோர வீட்டுக்காரருக்குத் தாழ்நீர்க் கோடுவரை நிலம் சொந்தம். ஆனால் அலை ஏறி இறங்கும் அந்தச் சேற்றில் மீன் பிடிக்க, படகு விட, பறவை வேட்டையாட ஊருக்கே உரிமை உண்டு. பட்டியலில் மான் இல்லை!

அம்பு பட்ட மான் உடனே விழாது; நூறு கஜம் ஓடும், வேலி தாண்டும். பல மாநிலங்களில் அடுத்தவர் நிலத்தில் விழுந்த மானை எடுக்க அவர் அனுமதி வேண்டும். ஆகவே இருட்டிய பிறகு, முகத்தில் கரி பூசிய ஒரு மனிதர் அறிமுகமில்லாத வீட்டின் காலிங்பெல்லை அழுத்துகிறார். “மன்னிக்கணும், உங்க ரோஜாச் செடிக்குப் பின்னால என் மான் கிடக்குது...” வில்லைக் காரிலேயே வைத்துவிட்டுப் போவது நல்லது.