வானத்தில் வேலை

தெள்ளார், வந்தவாசி, ஆரணி பக்கத்தில் பத்தாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுக்கும், அவர்களுடைய பெற்றோருக்கும் ஒரு தகவல் துளி.

விமானத் துறை என்றதும் விமானிதான் நினைவுக்கு வருவார். பிளஸ் டூவில் இயற்பியலும் கணிதமும் படித்தவர்கள் அதற்கு முயலலாம். வணிக விமானி உரிமத்துக்கு 18 வயது நிறைந்திருக்க வேண்டும். 200 மணி நேரம் பறந்திருக்க வேண்டும். உத்தரப் பிரதேசத்தின் ஃபர்சத்கஞ்சில் மத்திய அரசின் இந்திரா காந்தி விமானப் பயிற்சிக் கழகம் இருக்கிறது. ஆனால் இந்தப் பயிற்சி எங்கே படித்தாலும் பல லட்சம் ரூபாய் செலவாகும். பணம் கட்டும் முன் மருத்துவப் பரிசோதனையை முடித்துவிடுங்கள். நிறப்பார்வைக் குறை அப்போதே தெரிந்துவிடும்.

அவ்வளவு வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்னொரு நல்ல வழி, விமானப் போக்குவரத்துக் கட்டுப்பாடு. எந்த விமானம் எப்போது இறங்கலாம், எந்த உயரத்தில் பறக்கலாம் என்று கோபுரத்திலிருந்தும் ரேடார் அறையிலிருந்தும் சொல்பவர்கள் இவர்கள். இயற்பியல், கணிதத்துடன் பி.எஸ்சி. படித்தவர்களும் பொறியியல் பட்டதாரிகளும் இந்திய விமான நிலைய ஆணையத்தின் தேர்வை எழுதலாம். தேர்வானவர்களுக்கு ஆணையமே பயிற்சி தருகிறது.

விமானப் பராமரிப்புப் பொறியாளர் ஆவதற்கும் இயற்பியல், கணிதம் தேவை. விமானிகளும் கட்டுப்பாட்டாளர்களும் ஆங்கிலத்தில் பேசியாக வேண்டும். அதை இப்போதே பழகுங்கள்.

தமிழ்நாட்டில் பதினொன்றாம் வகுப்பில் சேரும்போதே இந்த வாசல் திறக்கிறது. பாடப்பிரிவைத் தேர்ந்தெடுக்கும் நாளில், கணிதத்தை விட்டுவிடாதீர்கள்.