அணைக்கு அடியில் உள்ள மணல்

மண் அணை ஒன்றின் உறுதி அதன் கரையின் உயரத்தையும் அகலத்தையும் மட்டும் பொறுத்ததன்று. அந்தக் கரை எதன்மேல் அமர்ந்திருக்கிறது என்பதையும் பொறுத்தது. ஆற்றுப்படுகையில் படிந்த தளர்வான மணலும் வண்டலும் நீரில் ஊறிய நிலையில் அடித்தளமாக அமையுமானால், நிலம் அசையாதிருக்கும் வரை அவை கரையின் சுமையைத் தாங்கி நிற்கும். பலத்த நிலநடுக்கம் வந்தால் சில விநாடிகளிலேயே கூழைப் போல் நெகிழ்ந்துவிடக்கூடும். இதனையே பொறியியலாளர்கள் மண் திரவமாதல் என்கின்றனர். மணலின் வலு அதன் துகள்கள் ஒன்றன்மேல் ஒன்று அழுந்தி உரசி நிற்பதிலிருந்து பிறக்கிறது. தளர்வாக அடுக்கப்பட்ட துகள்கள் அதிர்வினால் நெருங்க முயலும்போது, இடையிலுள்ள நீர் வெளியேற அவகாசமின்றி அழுத்தம் ஏறுகிறது. துளைநீர் அழுத்தம் எனப்படும் அது மேலுள்ள சுமை முழுவதையும் தானே தாங்கும் அளவுக்கு உயர்ந்ததும் துகள்களின் பிடி விட்டுப்போகிறது.

2001 ஜனவரி 26 அன்று காலை குஜராத்தின் கட்ச் பகுதியில் ஏற்பட்ட, ஏறத்தாழ 7.7 அளவுள்ள நிலநடுக்கம் இதற்கு இந்தியாவிலேயே கண்கூடான சான்றாக அமைந்தது. சாங், ஃபத்தேகட், கஸ்வதி, சுவி, ஷிவ்லகா, தப்பர், ருத்ரமாதா முதலான மண் அணைகள் சேதமடைந்தன. நீர்ப்பக்கச் சரிவுகள் நழுவின, கரையின் உச்சியில் நெடுக்கு வெடிப்புகள் ஓடின. சுமார் 15 மீட்டர் உயரமுள்ள சாங் அணை ஏறக்குறைய முழுவதுமாகச் சிதைந்தது. இச்சேதங்களுக்குக் கரைகளின் அடியிலிருந்த வண்டல் படிவு திரவமானதே முக்கியக் காரணம் என்று பின்னர் ஆய்ந்தவர்கள் கண்டனர். அந்த ஆண்டின் வறட்சியால் நீர்த்தேக்கங்கள் பெரும்பாலும் வற்றிக் கிடந்தமையால் கீழ்ப்புற ஊர்களுக்கு வெள்ளம் வரவில்லை. அதே அதிர்வு நிறைந்த ஏரியின்மேல் வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்ற கேள்விக்கு எந்தப் பாதுகாப்பு ஏற்பாடும் விடையளித்திருக்கவில்லை, காத்தது வறட்சிதான்.

அதற்கு முப்பது ஆண்டுகளுக்கு முன், 1971 பிப்ரவரி 9 அன்று நேர்ந்த நிலநடுக்கத்தில், அமெரிக்காவின் கலிஃபோர்னியாவில் இருந்த லோயர் சான் ஃபெர்னாண்டோ அணையில் திரவமானது கரையின் உடலுக்குள்ளேயே இருந்த மண். மண்ணை நீருடன் கலந்து ஓடவிட்டுப் படியச்செய்யும் முறையில் எழுப்பப்பட்ட அந்தக் கரையின் நீர்ப்பக்கமும் உச்சியும் ஏரிக்குள் சரிந்தன; நீர்மட்டத்துக்கு மேல் எஞ்சியது ஏறத்தாழ ஒன்றரை மீட்டர் மண்ணே. நீரை இறக்கி முடிக்கும்வரை சுமார் 80,000 பேர் வீடுகளை விட்டு வெளியேற்றப்பட்டனர். சரிவு அதிர்வின் உச்சத்தில் அன்றி, அது அடங்கிய பின்னரே நிகழ்ந்தது என்பது கருவிப் பதிவுகளிலிருந்து தெரியவந்தது. நடுக்கம் நின்றது, அணையும் நிற்கிறது என்று உடனே ஆறுதல் கொள்வது எத்தனை தவறு என்பதை அது காட்டுகிறது.

இந்த அபாயத்தை முன்கூட்டியே அறிவதற்கான பழைய வழி துளையிட்டுப் பார்ப்பதாகும். 63.5 கிலோ எடையுள்ள சுத்தியலை 75 செ.மீ. உயரத்திலிருந்து திரும்பத் திரும்ப விழவிட்டு, குழாய் 30 செ.மீ. இறங்க எத்தனை அடி தேவைப்படுகிறது என்று எண்ணுவது அதில் புகழ்பெற்ற முறை. அடிகள் குறைந்தால் மண் தளர்வானது. ஆனால் துளை என்பது ஒரு புள்ளி. கிலோமீட்டர் கணக்கில் நீளும் கரையின் அடியில் ஐம்பது மீட்டருக்கு ஒரு துளை போட்டாலும் இடையில் ஓடும் பழைய ஆற்றுத் தடம் அகப்படாமல் போகலாம். கூழாங்கல் நிறைந்த படிவில் குழாய் கல்லில் மோதி, மண் இறுக்கமானது என்ற பொய்யான எண்ணைத் தரலாம். நீர் நிரம்பி இயங்கும் அணையின் உடலைத் துளைப்பதே ஆபத்தாகவும் முடியக்கூடும்.

இவ்விடத்தில்தான் புவி இயற்பியல் முறைகள் பயன்படுகின்றன. தரையில் சம்மட்டியால் அடித்து எழுப்பும் அலைகளை, ஜியோபோன் என்னும் அதிர்வுணர் கருவிகளை வரிசையாகப் பதித்துப் பதிவு செய்து, மண்ணின் ஊடே அவை செல்லும் வேகத்தைக் கணக்கிடுவதே அடிப்படை. இவற்றுள் குறுக்கலை முதன்மையானது. துகள்களைப் பக்கவாட்டில் அசைத்துச் செல்லும் இந்த அலை நீரில் பரவாது, துகள்களின் பிணைப்பு வழியாகவே பரவும் என்பதால் அதன் வேகம் மண்ணின் விறைப்பை நேராகச் சொல்லிவிடுகிறது. மேற்சுமைக்கு ஏற்பத் திருத்தப்பட்ட வேகம் விநாடிக்கு ஏறத்தாழ 200 முதல் 215 மீட்டருக்கு மேல் இருந்தால் மணல் திரவமாக வாய்ப்பில்லை என்பது ஆண்ட்ரஸ், ஸ்டோக்கோ ஆகிய ஆய்வாளர்கள் 2000இல் வெளியிட்ட அளவுகோல். துகள்களை அலை செல்லும் திசையிலேயே அசைக்கும் நெட்டலையின் வேகம் விநாடிக்குச் சுமார் 1,500 மீட்டரை எட்டுமிடத்தில் மண் நீரால் நிறைந்திருக்கிறது என்று கொள்ளலாம். மின்சாரத்தைச் செலுத்தி மண்ணின் மின்தடையை அளக்கும் முறையோ கசிவுப் பாதையையும் களிமண், மணல் அடுக்குகளின் எல்லையையும் தேடித் தருகிறது.

எனினும் வண்ணப் படங்களாக வந்து சேரும் இந்த முடிவுகளைக் கண்டு மயங்கலாகாது. ஒரு மீட்டர் தடிப்புள்ள மெல்லிய மணலடுக்கு ஆழத்தில் இருந்தால் தரையிலிருந்து அளக்கும் அலை அதனைத் தவறவிடலாம். கரையின் சாய்வான வடிவம் அலையின் பாதையைக் குழப்பும். உப்புநீரும் களிமண்ணும் மின்தடையைக் குறைத்து ஒன்றுபோல் தோன்றும். ஆகவே அலை ஆய்வு பலவீனமான இடங்களைச் சுட்ட, அந்த இடங்களில் மட்டும் துளையிட்டு மண் மாதிரி எடுத்து உறுதிசெய்வதே முறையான வரிசை. துளைச் சான்று எதுவும் இணைக்கப்படாத அலை ஆய்வறிக்கையை முழுமையான மதிப்பீடாக ஏற்பதற்கில்லை.

கீழ்ப்புறத்தில் வாழ்பவர்களுக்கு இதில் என்ன உரிமை என்ற வினாவுக்கு 2021 டிசம்பர் 30 அன்று நடைமுறைக்கு வந்த அணைப் பாதுகாப்புச் சட்டம் ஓரளவு விடை தருகிறது. 15 மீட்டருக்கு மேற்பட்ட எல்லா அணைகளும் அதன் வரம்புக்குள் வரும். 10 முதல் 15 மீட்டர் வரை உயரமுள்ள அணைகளில் அடித்தளச் சிக்கல் விசேஷமாக இருந்தால் அவையும் உட்படும் என்பது இங்கே கவனிக்கத்தக்கது. மழைக்காலத்துக்கு முன்னும் பின்னும், வெள்ளத்தின்போதும் அதன் பின்னும், நிலநடுக்கத்துக்குப் பின்னும் ஆய்வு செய்வது அணை உரிமையாளரின் கடமை. அவசரகாலச் செயல்திட்டத்தையும், நிலநடுக்கப் பாதுகாப்பை உள்ளடக்கிய விரிவான மதிப்பீட்டையும் சட்டம் நடைமுறைக்கு வந்த ஐந்து ஆண்டுகளுக்குள், அதாவது 2026 டிசம்பர் இறுதிக்குள் முடித்தாக வேண்டும். விரிவான மதிப்பீட்டைச் செய்யவேண்டியது தற்சார்புள்ள வல்லுநர் குழு.

இந்த ஆவணங்களைக் கேட்டுப் பெறத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் வழிசெய்கிறது. மத்திய அரசு அலுவலகங்களுக்கும் தமிழ்நாட்டு அலுவலகங்களுக்கும் மனுக்கட்டணம் 10 ரூபாய். 30 நாட்களுக்குள் பதில் வரவேண்டும். வராவிட்டால் அடுத்த 30 நாட்களுக்குள் முதல் மேல்முறையீடு செய்யலாம். பாதுகாப்புக் காரணம் காட்டி முழு அறிக்கையும் மறுக்கப்பட்டால், வெளியிடத்தக்க பகுதியைப் பிரித்துத் தரச் சொல்லும் 10ஆம் பிரிவைச் சுட்டலாம். ‘அணை பாதுகாப்பாக உள்ளதா’ என்ற பொதுவான கேள்விக்கு ‘உள்ளது’ என்ற ஒற்றைச் சொல்லே பதிலாக வந்து சேரும். அடித்தள மண் வகை என்ன, குறுக்கலை வேகம் எந்த ஆண்டில் எத்தனை இடங்களில் அளக்கப்பட்டது, எத்தனை துளைகளால் சரிபார்க்கப்பட்டது, கணக்கில் கொண்ட நிலநடுக்க அளவு என்ன என்று கேட்டால் அப்படி நழுவ முடியாது.

சட்டத்தின் குறைகளையும் மறைப்பதற்கில்லை. சட்டத்தின்கீழ் தரப்படும் கட்டளையை ஏற்க மறுப்போருக்குச் சிறைத்தண்டனை விதிக்க இடமுண்டு என்றாலும், அரசு அல்லது உரிய பாதுகாப்பு அமைப்பின் வழி வரும் புகாரை மட்டுமே நீதிமன்றம் ஏற்கும். பாதிக்கப்பட்டோருக்கான இழப்பீடு பற்றிச் சட்டம் பேசவில்லை. எனவே குடிமக்கள் மாநில அணைப் பாதுகாப்பு அமைப்பிடம் எழுத்து மூலம் முறையிட்டு, பயனில்லையெனில் உயர்நீதிமன்றத்தில் நீதிப்பேராணை கோருவதே எஞ்சிய வழி. ஒரு மாநிலத்துக்குச் சொந்தமாக மற்றொரு மாநிலத்தில் அமைந்த அணை என்றால், கேரளத்திலுள்ள பரம்பிக்குளம் போல, முறையீடு தேசிய அணைப் பாதுகாப்பு ஆணையத்துக்குச் செல்லவேண்டும்.

பலவீனம் உறுதியான பின் செய்யத்தக்க பணிகள் பல உள்ளன: மணலை அதிர்த்து இறுக்குவது, கல் தூண்களைப் பதிப்பது, ஆழத்து மண்ணைச் சிமெண்டுடன் கலப்பது, கரையின் அடிவாரத்தில் தாங்குமேடு எழுப்புவது. இவற்றுக்கு ஆண்டுகள் பிடிக்கும். அதுவரை கைக்கு எளிதான காப்பு நீர்மட்டத்தைத் தாழ்த்தி வைப்பதே. ஆனால் அது பாசனத்தைப் பாதிக்கும் என்பதால் வாய்மொழியில் ஒத்துக்கொள்ளப்பட்டு அடுத்த பருவத்தில் மறக்கப்படுவது இயல்பு. பணி முடியும்வரை எந்த மட்டத்துக்கு மேல் நீர் தேக்கப்படாது, அந்த வரம்பை எந்த அலுவலர் எந்த ஆணையின் வழி விதித்தார், நிலநடுக்கம் வந்தால் மதகுகளின் வழியே அந்த நீரை இறக்க எத்தனை நாள் ஆகும் என்பனவும் மனுவில் இடம்பெற வேண்டிய கேள்விகள்.