குளிர் வந்தால் குட்டி பிறக்கும்!

ஜெல்லி மீனின் விசித்திர வாழ்க்கை

ஸ்வீடன் நாட்டின் கடற்கரையில் ஓஸ்கர்ஷாம் அணுமின் நிலையம் இருக்கிறது. 2013-ம் ஆண்டு செப்டம்பர் மாதக் கடைசியில், அங்குள்ள பெரிய உலை திடீரென்று நிறுத்தப்பட்டது.

காரணம் என்ன? எதிரிகளின் சதியா? இல்லை. எலும்பும் மூளையும் இல்லாத ஜெல்லி மீன்கள்!

உலையைக் குளிர வைக்கக் கடல் நீரைக் குழாயில் இழுப்பார்கள். அதன் வழியில் ஜெல்லி மீன்கள் கூட்டம் கூட்டமாக வந்து அடைத்துக்கொண்டன.

மொட்டும் தட்டும்

நம் மீனவர்கள் "சொறி" என்று சொல்வது இந்தப் பிராணியைத்தான். பெயரில்தான் மீன், உடம்பில் பெரும் பங்கு தண்ணீர்.

ஓஸ்கர்ஷாமுக்கு வந்தது நிலா ஜெல்லி மீன். இதன் குஞ்சு முதலில் கல்லிலோ சிப்பியிலோ ஒட்டிக்கொண்டு, சின்னப் பூமொட்டுப் போல வளரும். வாழை கன்று விடுவதுபோல, பக்கத்தில் புது மொட்டுகளையும் விடும்.

பிறகு அந்த மொட்டு, தட்டுகளை அடுக்கியதுபோலப் பல அடுக்காகப் பிரியும். மேல் தட்டு முதலில் கழன்று நீந்தும். அதுதான் குட்டி ஜெல்லி மீன்!

நார்வே பாதிரியார் மைக்கேல் சார்ஸ், 1829-ல் மொட்டையும் அடுக்கையும் கண்டு, இரண்டும் வெவ்வேறு பிராணிகள் என்று எழுதினார். பல ஆண்டுகள் கவனித்த பிறகே, எல்லாம் ஒன்றுதான் என்று கண்டுகொண்டார்.

உடம்புக்குள் கடிகாரம்

மொட்டு எப்போது தட்டாகப் பிரியும்? தண்ணீர் குளிர்ந்தால்தான்!

ஜெர்மனியில் கீல் பல்கலைக்கழக விஞ்ஞானிகள் 18 டிகிரி நீரில் இருந்த மொட்டுகளை 10 டிகிரி நீருக்கு மாற்றினார்கள். உடனே எதுவும் நடக்கவில்லை. சில வாரங்கள் கழித்தே பிரிய ஆரம்பித்தன.

குளிர் நீடிக்க நீடிக்க, மொட்டின் உடலில் ஒரு பொருள் சிறிது சிறிதாகச் சேர்கிறது. போதிய அளவு சேர்ந்ததும் பிரிகிறது. இதை அவர்கள் 2014-ல் வெளியிட்டார்கள்.

ஆகவே ஒரு நாள் குளிரைக் கண்டு மொட்டு ஏமாறாது. குளிர்காலம் உண்மையாகவே வந்துவிட்டதா என்று நாள் எண்ணிப் பார்க்கிறது!

கடல் சூடேறினால்?

இப்போது கடல்கள் சூடேறி வருகின்றன. அப்படியானால் ஜெல்லி மீன் குறைந்துவிடுமா?

அவ்வளவு சுலபமாகச் சொல்லிவிட முடியாது. ஜப்பான் கடலுக்கு வரும் நொமுரா ஜெல்லி மீன் 200 கிலோ வரை வளரும். குளிர்காலம் கழிந்து நீர் சூடேறும்போதுதான் அதன் மொட்டு பிரியும். 2009-ல் இந்த ராட்சத மீன்கள் நிறைந்த வலையை இழுத்தபோது, ஒரு மீன்பிடிக் கப்பல் கவிழ்ந்தது. அதில் இருந்த 3 பேரும் காப்பாற்றப்பட்டனர்.

ஒன்றுக்குக் குளிர் வேண்டும். மற்றொன்றுக்குச் சூடு வேண்டும். துறைமுகச் சுவர்களும் மிதவைகளும் மொட்டுகளுக்குப் புது வீடாகின்றன.

கோடையில் வலையை நிரப்பும் கூட்டத்தின் கதை, குளிர்காலத்தில் கல்லடியில் தொடங்கிவிடுகிறது. நகத்தைவிடச் சிறிய அந்த மொட்டைக் கவனித்தால்தான், வரப்போகும் கூட்டத்தை முன்கூட்டி அறியலாம்.