நிலைத்தன்மை தளர்த்தப்பட்ட வானூர்தியும் கட்டுப்பாட்டு விதிகளும்: தேஜஸ் போர் விமானத்தை முன்வைத்து

கோவையை அடுத்த சூலூர் விமானப்படைத் தளத்திலிருந்து பறக்கும் தேஜஸ் போர் விமானம், கணினியின் துணையின்றி நிலையாகப் பறக்க இயலாத வடிவமைப்பினை உடையது. இது குறைபாடு அன்று. வடிவமைப்பாளர்கள் விரும்பி ஏற்ற பண்பு. 'நிலைத்தன்மை' என்னும் சொல் தமிழ் வழக்கில் நற்பண்பையே குறிக்கும். பறப்பு இயங்கியலிலோ அந்நற்பண்பிற்கு ஒரு விலை உண்டு.

பயணிகள் விமானத்தில் எடைமையம், காற்றுவிசைகளின் நடுநிலைப் புள்ளிக்கு முன்னால் அமையும். காற்று மூக்குப் பகுதியை உயர்த்தினால், விமானம் தானே பழைய நிலைக்குத் திரும்பும். விமானி விரைந்து திருப்ப முயலும்போதும் அதே பண்பு எதிர்த்து நிற்கும். தேஜஸுக்கு வாலில் கிடைமட்டச் சிறகு கிடையாது. முக்கோண இறக்கையின் பின்விளிம்பிலுள்ள அசையும் பலகைகளே மூக்கின் ஏற்றயிறக்கத்தையும் விமானத்தின் உருளலையும் ஆள்கின்றன. எடைமையம் முன்னால் இருப்பின், மூக்கு தாழாதிருக்க அப்பலகைகள் மேல்நோக்கி மடங்க வேண்டும். அதனால் ஏற்றுவிசை குறையும். எடைமையத்தைப் பின்னுக்கு நகர்த்தினால் இவ்விழப்பு நீங்கும். ஆயின், சிறு அசைவும் தானே பெருகத் தொடங்கும். உள்ளங்கையில் செங்குத்தாக நிறுத்திய கோலை ஒத்த நிலை இது. நொடிக்குப் பலமுறை தேவைப்படும் திருத்தம் மனிதக் கைக்கு எட்டாதது. ஆகவே, நான்கு இணைத்தடங்கள் கொண்ட எண்முறைக் கணினி, விமானியின் கட்டளையையும் உணரிகளின் அளவீடுகளையும் சேர்த்துக் கணக்கிட்டுப் பலகைகளை இயக்குகிறது. அக்கணக்கீட்டு முறையே 'கட்டுப்பாட்டு விதி' எனப்படுகிறது.

இவ்விதி பிழைத்தால் நேர்வதைச் சுவீடனின் கிரிப்பென் விமானம் காட்டியது. 1989இல் முன்மாதிரி விமானம் தரையிறங்கும்போதும், 1993இல் ஸ்டாக்ஹோமில் மக்கள் திரண்டிருந்த விழாவின்போதும் விபத்துகள் நேர்ந்தன. பலகைகள் அசையும் வேகத்திற்கு ஓர் உச்சவரம்பு உண்டு. விமானியின் கட்டளையும் கணினியின் திருத்தமும் ஒருசேர அவ்வரம்பைத் தொட்டால் விமானம் தாமதித்தே பதிலளிக்கும். தாமதம் கண்ட விமானி மேலும் வலிந்து திருத்துவார். அத்திருத்தமே ஊசலைப் பெருக்கும். இதை விமானியின் பிழை என்று மட்டும் கூறுதல் பொருந்தாது.

தேஜஸின் கட்டுப்பாட்டு விதிகள் பெங்களூரில், தேசிய வான்வெளி ஆய்வகத்தை மையமாகக் கொண்ட குழுவினரால் வகுக்கப்பட்டன. 1996இல் அவை அமெரிக்காவின் எஃப்-16 விஸ்டா சோதனை விமானத்தில் பறந்து ஆராயப்பட்டன. 1998 மே மாதப் பொக்ரான் அணுச்சோதனைக்குப் பின் அமெரிக்கா தடை விதித்தது. அங்குக் கட்டுப்பாட்டு அமைப்பில் பணியாற்றிய இந்தியப் பொறியாளர்கள் திரும்ப நேர்ந்தது. எஞ்சிய பணி, தரையிலமைந்த பாவனைக் கருவிகளிலும், மெய்யான இயக்கிகள் பொருத்தப்பட்ட 'இரும்புப் பறவை' எனும் சோதனைச் சட்டகத்திலும் தொடர்ந்தது. முதல் பறப்புக்கு முன்பே விதியைச் சோதிக்க வேண்டியிருந்தது என்பதே இத்துறையின் தனிச்சிக்கல். பறந்து பார்த்துத் திருத்தலாம் என்னும் வாய்ப்பு இத்தகைய விமானத்திற்கு இல்லை.

2001 ஜனவரி 4 அன்று விங் கமாண்டர் ராஜீவ் கோத்தியால் முதல் மாதிரி விமானத்தைப் பெங்களூரில் பறக்கவிட்டுப் பத்திரமாகத் தரையிறக்கினார். 2016 ஜூலை 1இல் பெங்களூரில் தேஜஸுடன் தொடங்கப்பெற்ற 45ஆம் படையணி 2018இல் சூலூருக்கு இடம்பெயர்ந்தது.